மிஸஸ் யாண்டாவின் புல்வெளியும் வாஞ்சிநாதனும்

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில், எங்கள் தெருவில் வாஞ்சிநாதனைப் போல் தன் வீட்டுப் புல்லைக் காதலித்த மனிதர் வேறு யாரும் இல்லை. சனிக்கிழமை காலையில் முழங்கால் வரை வெள்ளை சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு, பனியனுக்குள்ளிருந்து பூணூல் எட்டிப் பார்க்க, புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு அவர் முன்வாசலில் நடப்பது தேர் நகர்வது போல் இருக்கும். வெட்டி முடித்ததும் நடைபாதை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, மெஷினுக்குத் தப்பிய இழைகளைக் கத்திரிக்கோலால் நறுக்குவார். செயின்ட் அகஸ்டின் என்று அந்தப் புல்லுக்குப் பெயர். தண்ணீர், உரம், மருந்து மூன்றையும் குடித்துவிட்டுப் பச்சையாகக் கிடப்பதைத் தவிர அது அவர் வீட்டில் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

அம்பாசமுத்திரத்துக்காரர். ஓக்லஹோமாவில் எம்.எஸ். படித்துவிட்டு, ஹூஸ்டனில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் ரிசர்வாயர் இன்ஜினியராக இருந்தார். பூமிக்கு அடியில் இரண்டு மைல் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுவது அவர் தொழில். பூமிக்கு மேலே இருப்பதெல்லாம் அவருக்குத் தூசி. எங்கள் குடியிருப்பின் வீட்டுக்காரர்கள் சங்கம் மாதம் ஒரு வீட்டுக்கு 'இந்த மாதத்தின் சிறந்த புல்வெளி' என்று ஒரு பலகை நட்டு வைக்கும். அது முதல் தடவை அவர் வாசலில் நட்டபோது, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார். அங்கே அவர் அண்ணா அதை அமெரிக்க சர்க்கார் கொடுத்த விருது என்று நினைத்து, பிரேம் போட்டு பூஜை அறையில் மாட்டினாராம். வாஞ்சிநாதன் அதைத் திருத்தவில்லை.

அதன் பிறகு அவரே சங்கத்தின் கமிட்டிக்குள் நுழைந்தார். முன்புறமோ பின்புறமோ ஆறு அங்குலத்துக்கு மேல் யாரும் புல் வளர்க்கக் கூடாது என்ற விதியை எழுதியவர் அவர்தான். அடிக்குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவை அளந்துகொண்டு போவார். நான் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொள்வேன்.

எங்கள் குடியிருப்புக்கு ப்ரேரி க்ளென் என்று பெயர். ப்ரேரி என்றால் மனிதன் உழாமல் விதைக்காமல் தானே வளர்ந்த புல்வெளி. அதை புல்டோசரால் வழித்தெறிந்துவிட்டு, அதன் பெயரையே நுழைவாயிலில் பித்தளை எழுத்தில் பொறித்து வைத்திருந்தார்கள். மிச்சம் இருந்த அசல் ப்ரேரி வாஞ்சிநாதன் வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்தது. மிஸஸ் யாண்டா என்ற செக் வம்சத்துக் கிழவிக்குச் சொந்தம். சுற்றிலும் எல்லாரும் நிலத்தை உழுது நெல் போட்டபோது, அந்தக் குடும்பம் மட்டும் இந்தத் துண்டைத் தொடாமல் வைத்திருந்தது. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, கோடை நடுவில், புல்லை அறுத்துக் காயவைத்துக் கட்டு கட்டி மாடுகளுக்கு எடுத்துப் போவார்கள். உழாததால் பழைய வேர்கள் சாகவில்லை. வருஷாவருஷம் அறுத்ததால் மரமும் புதரும் தலைதூக்கவில்லை. மார்ச்சில் செந்தூரம் கொட்டியது போல் ஒரு பூ, மே மாதம் மஞ்சள், ஜூனில் இடுப்பளவுக் காம்பு முழுக்க ஊதாப் பூ என்று அது பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

வாஞ்சிநாதன் அதைக் களைக்காடு என்றார். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்து, கிழவியை 'ஜண்டா' என்றார்.

அவருடைய ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. வீடு விற்ற ஏஜென்ட், பின்னால் கோல்ஃப் மைதானம் வரப்போகிறது என்று சொல்லியிருந்தான். வாஞ்சிநாதனுக்குக் கோல்ஃப் மட்டையின் எந்த முனையைப் பிடிப்பது என்றே தெரியாது. ஆனால் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்த வீடு என்று சொல்லிக்கொள்ள ஆசை. 1983-இல் மிஸஸ் யாண்டா அந்தக் கனவின் மேல் மண்ணைப் போட்டாள். ஓர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையோடு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். உழக் கூடாது, கட்டக் கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவை புல் அறுக்க வேண்டும், அவள் செத்த பிறகும் அப்படியே.

அவர் ஒரு வக்கீலிடம் போய் அந்த ஒப்பந்தத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். வக்கீல் உதட்டைப் பிதுக்கினான். இதற்கிடையில் அறக்கட்டளைக்காரர்கள் புல்வெளியின் வாசலில் ஒரு போர்டு வைத்து, உள்ளே என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒன்று 'ராட்டில்ஸ்நேக் மாஸ்டர்'. அதைப் படித்த வாஞ்சிநாதன் காரைத் திருப்பிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து, டைப்ரைட்டரைத் திறந்து, 'நம் குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பின்னால் இவர்கள் ராட்டில்ஸ்நேக் வளர்க்கிறார்கள்' என்று ஒரு நோட்டீஸ் அடித்தார். அதைத் தெரு முழுக்கக் கதவுகளில் செருகினார். விஷப் பாம்பு என்றதும் சங்கத்துக் கூட்டத்துக்கு அதுவரை வராதவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள்.

மிஸஸ் யாண்டாவும் வந்தாள். எழுபது வயது, ஆண்பிள்ளை பூட்ஸ், கையில் ஒரு செடி. கற்றாழை மாதிரி ஓரத்தில் முள் வைத்த இலை, உச்சியில் சுண்டைக்காய் அளவில் வெள்ளை உருண்டைகள். அதை மேஜை மேல் வைத்தாள். அவள் பேசியது டெக்சாஸ் இங்கிலீஷ், தமிழில் சொல்கிறேன்.

"இதுதான் ராட்டில்ஸ்நேக் மாஸ்டர். கடிக்காது."

கூட்டம் சிரித்தது. வேறு யாராக இருந்தாலும் பூமிக்குள் போயிருப்பார்கள். வாஞ்சிநாதன் எழுந்து, "செடியாகவே இருக்கட்டும். அப்படிப் பேர் வைத்தவனுக்கு அங்கே பாம்பு இருப்பது தெரிந்திருக்கிறதே" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி ராஜலக்ஷ்மி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். "இவருக்கு வெக்கமே கெடையாது. அது ஒரு சௌகரியம்" என்று என் காதில் சொன்னாள். அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள், எதற்கும் பதறமாட்டாள். நாங்கள் இருவரும் ஒரே காரில் வேலைக்குப் போவோம். அவர் கதை எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஃப்ரீவேயில் கேட்டதுதான்.

அடுத்த வசந்தத்தில் அவர் செய்தது சிரிப்பு விஷயம் இல்லை. அந்தக் காட்டிலிருந்து விதை பறந்து வந்து தன் செயின்ட் அகஸ்டினைக் கெடுக்கிறது என்று சொல்லிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் தூங்கும்போது, முதுகில் ஸ்ப்ரே டப்பாவை மாட்டிக்கொண்டு வேலிக்கு மேல் கையை நீட்டிக் களைக்கொல்லி அடித்தார். தன் வீட்டு அகலத்துக்கும், ஸ்ப்ரே எட்டிய தூரத்துக்கும். ஒரு வாரத்தில் அங்கே இருந்த சிவப்பும் மஞ்சளும் சுருண்டு, காப்பித்தூள் நிறத்துக்கு வந்தது. அறக்கட்டளைப் பெண் ஒருத்தி வந்து பார்த்துவிட்டு அவர் கதவைத் தட்டினாள். அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, "பூச்சி விழுந்திருக்கும். இந்த வருஷம் பூச்சி ரொம்ப மோசம்" என்றார். நேர்க்கோடாகப் பூச்சி விழுந்து எங்கே பார்த்திருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். படித்தவர்களின் நாகரிகம்.

காலியான அந்த இடத்தில் முதலில் வந்து உட்கார்ந்தது பெர்முடா புல். நம்முடைய அருகம்புல்லேதான். ஊரில் அதைப் பறித்துப் பிள்ளையார் தலையில் வைக்கிறோம். இங்கே அது ரௌடி. ஒரு கணு நுழைந்தால் போதும், பக்கத்தில் எதையும் வளரவிடாது.

1986 ஆரம்பத்தில் எண்ணெய் விலை தலைகுப்புற விழுந்தது. ஹூஸ்டனே விழுந்தது. எங்கள் தெருவில் விற்பனைப் பலகைகள் கல்லறைக் கல் மாதிரி வரிசையாக முளைத்தன. விற்க முடியாதவர்கள் சாவியை பாங்குக்குத் தபாலில் அனுப்பிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்கள். மார்ச்சில் ஒரு நாள் வாஞ்சிநாதனின் கம்பெனி அவரைக் கூப்பிட்டு, ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தது. பத்து வருஷம் 'குட் மார்னிங் டாக்டர் வாஞ்சி' என்று சொன்ன காவல்காரன் (அவர் டாக்டர் இல்லை, அதையும் அவர் திருத்தவில்லை) பக்கத்திலேயே நின்று, அவர் கம்பெனி ஸ்டேப்ளரை எடுத்துப் போகாமல் பார்த்துக்கொண்டான்.

பெட்டியைக் கார் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் டை கட்டிக்கொண்டு, தயிர்சாத டப்பாவை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். அதற்கு அடுத்த நாளும்.

வேலை போனதை மறைப்பதற்கு ஹூஸ்டன் லாயக்கில்லாத ஊர். முதலில் லைப்ரரிக்குப் போனார். அங்கே ஏற்கெனவே டை கட்டிய மூன்று தமிழர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நியூஸ்பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள். மாலுக்குப் போனார். டாக்டர் பஞ்சலிங்கத்தின் மனைவி எதிரே வந்து, "லீவோ?" என்று கேட்டுவிட்டாள். பஞ்சலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், மயக்க மருந்து நிபுணர், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மயக்குவார், சங்கத்தில் வரவேற்புரையாலேயே மயக்கிவிடுவார். அவர் வீட்டுக்கு ஒரு செய்தி போனால் சாயங்காலத்துக்குள் ஃப்ரீவேயின் இரண்டு பக்கமும் தெரிந்துவிடும்.

கடைசியில் தமிழ் முகம் எட்டிப் பார்க்காத ஒரே இடத்தைக் கண்டுபிடித்தார். மிஸஸ் யாண்டாவின் புல்வெளிக்கு அந்தப் பக்கம், பண்ணைச் சாலையில், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மர நிழல். தன் வீட்டின் முதுகைத் தூரத்தில் பார்த்துக்கொண்டு, எந்தக் காட்டை ஒழிக்கப் பாடுபட்டாரோ அதன் வாசலில் காரை நிறுத்திக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

வேலை விளம்பரம் எத்தனை நேரம் படிக்க முடியும்? சூடு தாங்காமல் இறங்கி நடந்தார். அங்கே தரையோடு படர்ந்த ஒரு செடி, இளஞ்சிவப்பில் பஞ்சுருண்டை போல் பூ, தொட்டால் இலை மூடிக்கொண்டது. தொட்டாற்சிணுங்கியின் அமெரிக்கத் தங்கை. அதைப் பார்த்ததும் அம்பாசமுத்திரம் ஞாபகம் வந்து கண் கலங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ராஜலக்ஷ்மியிடம் அவரே பிற்பாடு சொன்னது வேறு. "நான் ஒரு விரலை வெச்சா எல்லாம் அப்படியே அடங்கித்து. ஆபீஸ்ல ஒருத்தனும் அப்படி அடங்கினதில்ல." தினமும் அதைப் போய்த் தொட்டுக்கொண்டிருந்தாராம். பெரிய மனிதர்.

தொட்டவர் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் எதுவாவது கண்ணில் பட்டுவிடும். ஒரு வாரம் சிவப்பாக இருந்த மேடு அடுத்த வாரம் மஞ்சளாகிறது, மேட்டில் வருவது பள்ளத்தில் வருவதில்லை, ஊதாக் காம்பு உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்துக்கொண்டு வருகிறது என்றெல்லாம் அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. இரண்டு மைல் ஆழத்தில் இருப்பதைக் கணக்குப் போட்டவருக்கு, முட்டிக்குக் கீழே இருப்பது கண்ணில் பட ஒரு வேலைநீக்கம் தேவைப்பட்டது.

ஜூன் மாதம் மிஸஸ் யாண்டா பிக்கப் வண்டியை அவர் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"மறுபடியும் ஸ்ப்ரே அடிக்க வந்திருக்கிறாயா?"

அவர் வாயைத் திறந்தார். பூச்சி என்ற வார்த்தை வரவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும். என் புருஷன் நாற்பது வருஷம் நெல்லுக்கு மருந்து அடித்தவன். செத்த செடியைப் பார்த்தால் எதனால் செத்தது என்று எனக்குத் தெரியாதா?" அவர் டையையும் டப்பாவையும் பார்த்தாள். "வேலை போய்விட்டதா?"

அம்மாவிடம் சொல்லவில்லை, மனைவியிடம் சொல்லவில்லை, டை கட்டிய அந்த மூன்று பேரிடம்கூடச் சொல்லவில்லை. இவளிடம் தலையை ஆட்டினார்.

"நல்லது. புல் அறுக்கும் என் மருமகனும் வேலை தேடி டல்லாஸ் போய்விட்டான். ட்ராக்டரை நான் ஓட்டுகிறேன். கட்டு தூக்க ஆள் வேண்டும்."

"நான் எம்.எஸ். படித்த இன்ஜினியர்" என்றார் வாஞ்சிநாதன்.

"கட்டுக்கு அதெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

இரண்டு நாள் அவமானத்தில் வெந்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் டையை அவிழ்த்துக் காரில் போட்டுவிட்டு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். மனம் திருந்தினார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அறுப்புக்கு முன்னால் அவருக்கு வேறு ஒரு வேலை கொடுத்தாள். அவர் கொன்ற இடத்துக்குக் கூட்டிப்போய், ஒரு மண்வெட்டியைக் கையில் கொடுத்தாள். அருகம்புல்லை வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். மருந்து கூடாது, ஒவ்வொரு கணுவாகக் கையால். தன் வீட்டுப் பின்வேலியின் அந்தப் பக்கத்தில், யாராவது ஜன்னலைத் திறந்தால் தெரிந்துவிடுமே என்று குனிந்து குனிந்து அவர் தோண்டினார்.

ராஜலக்ஷ்மிக்கு விஷயம் ஏப்ரலிலேயே தெரியும். கம்பெனியிலிருந்து மெடிக்கல் இன்ஷூரன்ஸ் விஷயமாக அவளுக்கே போன் வந்திருந்தது. "நீயே கேட்டுட வேண்டியதுதானே" என்று நான் ஃப்ரீவேயில் சொன்னபோது, "அவராச் சொல்லட்டும். நான் கேட்டா மூஞ்சிய எங்க வெச்சுப்பார்?" என்றாள். தினமும் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். அவருடைய சாக்ஸில் ஒட்டிக்கொண்டு வந்த விதைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுவிட்டு வாஷிங் மெஷினில் போட்டாள். ஜூன் கடைசியில் நகத்துக்குள் மண்ணோடு அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவளுக்குப் பொறுமை தீர்ந்தது.

"ஏன்னா, உங்க ஆபீஸ்ல எந்த மாடியில புல் மொளைக்கறது?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், ஸ்ப்ரே அடித்தது உட்பட. அவள் ரசத்தை விட்டுக்கொண்டே கேட்டாள்.

"சரி. நாளைக்குத் தொப்பி போட்டுண்டு போங்கோ. ஏற்கெனவே கறுப்பு."

ஜூலையில் அறுப்பு. அறுத்த புல் வெயிலில் காய்ந்து, இயந்திரம் அதைச் செவ்வகக் கட்டுகளாகத் துப்பிக்கொண்டு போக, வாஞ்சிநாதன் அவற்றைத் தூக்கி ட்ரெய்லரில் அடுக்கினார். கை முழுக்கக் கீறல், கழுத்தெல்லாம் அரிப்பு. எட்டு முழ வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், வெயிலுக்குப் பேன்ட் தாங்கவில்லையாம். அந்தக் கோலத்தில் ட்ரெய்லரின் உச்சியில் அவர் நின்றுகொண்டிருந்த சனிக்கிழமைதான் டாக்டர் பஞ்சலிங்கம் தூதுக்குழுவோடு வந்தார்.

தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு கலாசார மண்டபம் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். புல்வெளியின் முன்பக்கம் சாலையை ஒட்டி இருந்தது, எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஒப்பந்தம் கிப்பந்தம் எல்லாம் பேசினால் சரியாகிவிடும் என்று பஞ்சலிங்கம் நம்பினார். மூன்று காரில் வந்து இறங்கினார்கள். பெண்கள் பட்டுப்புடவை, ஆண்கள் கோட்டு. ஒரு தட்டில் பழம், வெற்றிலை, நிச்சயதார்த்தத்துக்கு வந்தது போல். நானும் அந்தக் கும்பலில் ஒருத்தியாகத்தான் போயிருந்தேன். வேடிக்கை பார்க்க.

மிஸஸ் யாண்டா ட்ராக்டரை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டாள். பழத்தட்டைப் பார்த்தாள். பிறகு ட்ரெய்லரைக் காட்டினாள்.

"அவரைக் கேளுங்கள். அந்த ஒப்பந்தத்தை என்னைவிட அதிகம் படித்தவர்."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். மேலே, கட்டுகளின் மேல், வேட்டியும் பனியனும் தொப்பியுமாக அவர். ஒளிய இடம் இல்லை. கீழே எங்கள் மொத்தச் சமுதாயமும் நின்றது.

"வாஞ்சி!" என்றார் பஞ்சலிங்கம். "நீங்கள் இஞ்ச என்ன செய்யிறியள்? இண்டைக்கு வேலை இல்லையோ?"

"மார்ச்லேர்ந்து இல்ல" என்றார் வாஞ்சிநாதன்.

தட்டு வைத்திருந்த பெண்மணி வளையல் குலுங்க அதை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பஞ்சலிங்கம் தொண்டையைக் கனைத்து, விஷயத்துக்கு வந்தார். "முன்பக்கம் கொஞ்சம்தான் கேக்கிறம். வெறும் புல்லுத்தானே. இந்த அக்ரிமென்ட்ல ஏதும் வழி இருக்குமெண்டு..."

"ஒரு வழியும் இல்ல. நான் மூணு வருஷம் முன்னாடியே வக்கீல வெச்சு ஓட்டை தேடியாச்சு. எழுதினவன் ரொம்ப நன்னா எழுதியிருக்கான், படுபாவி." குரல் ஏறிற்று. வீட்டுக்காரர்கள் சங்கத்துக் கூட்டத்தில் ஏறுமே, அதே குரல். "அப்புறம் டாக்டர், நீங்க நின்னுண்டிருக்கற எடத்துல ஒரு செடி இருக்கு. ஒங்க ஷூவுக்கு அடியில. கால எடுங்கோ."

பஞ்சலிங்கம் காலை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் ஒற்றைக் காலில் நின்றார். அவர் மேடையில் பேசி நான் கேட்டவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த காட்சி அதுதான்.

அதன் பிறகு ஒரு மாதம் எங்கள் ஊர் அவர்மேல் இரக்கத்தைக் கொட்டியது. வேலை போகாதவர்கள் போனவரிடம் காட்டும் இரக்கம் இருக்கிறதே, அதற்குக் களைக்கொல்லி தேவலை. ஃபாயில் மூடிய புளியோதரை வந்தது. "அங்கிள், சான் ஹோசே பக்கம் அப்ளை பண்ணுங்க, கம்ப்யூட்டர் ஃபீல்டுதான் இப்ப" என்று இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் புத்தி சொன்னார்கள். "ட்ரெய்லர் மேல நின்னாராமே, பாவம், மனசு பாதிச்சிருக்கும்" என்று பெண்கள் ராஜலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படிச் சொன்ன வீடுகளில் பாதிக்கு மேல் அடுத்த வருஷத்துக்குள் அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. அவர்களுக்கு யார் புளியோதரை கொண்டுபோனார்களோ தெரியாது. ராஜலக்ஷ்மி போகவில்லை.

எண்ணெய்க் கம்பெனி வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அவள் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. பிறகு கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகத்தில் மழைநீர் வடிகால் பிரிவில் ஒரு உத்தியோகம் கிடைத்தது. பழைய பதவியின் கால்தூசி பெறாது. எடுத்துக்கொண்டார். சனி ஞாயிறுகளில் மண்வெட்டியோடு புல்வெளிக்குப் போனார். அருகம்புல் தோண்டத் தோண்ட வந்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு ஹூஸ்டனில் யாருக்கு அருகு வேண்டுமானாலும் சாக்கில் கட்டி வாசலில் போட்டார். "இந்தக் கர்மத்தப் பிள்ளையாருக்கு மட்டுந்தான் பிடிக்கும்" என்பார். ராஜலக்ஷ்மி கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

அறக்கட்டளைக்காரர்கள் அவரையே புல்வெளியின் பொறுப்பாளராகப் போட்டார்கள். வசந்தத்தில் பார்வையாளர்களை அழைத்துப்போய்க் காட்டுவது அவர் வேலை. காட்டினார், திட்டிக்கொண்டே. பூப் பறித்தவர்களைத் திட்டினார். 'வைக்கோலா?' என்று கேட்ட தமிழர்களைத் திட்டினார். வைக்கோல் நெல்லின் சக்கை, இது உயிரோடு அறுத்துக் காயவைத்த புல், வித்தியாசம் தெரியாதவனெல்லாம் எதற்கு டெக்சாஸுக்கு வந்தீர்கள் என்பார். முன்பு களைக்காட்டை வைத்துக்கொண்டு மனிதர்களை மட்டம் தட்டினார், இப்போது அதே காட்டுக்குள் நின்றுகொண்டு தட்டினார். குணத்தில் ஒரு நூலிழைகூட மாறவில்லை.

சொந்த வீட்டிலும் ஒரு காரியம் செய்தார். அறுவடையின்போது உதிர்ந்த விதைகளைக் கூட்டி அள்ளிவந்து, பின்கட்டில் செயின்ட் அகஸ்டினைப் பெயர்த்துவிட்டு விதைத்தார். இரண்டாம் வருஷம் பூ வந்தது. கூடவே வீட்டுக்காரர்கள் சங்கத்திலிருந்து நோட்டீசும் வந்தது. ஆறு அங்குலத்துக்கு மேல் புல், விதிமீறல். கூட்டத்தில் எழுந்து அந்த விதி முட்டாள்தனமானது, எழுதியவனுக்குப் புல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று வாதாடினார். "எழுதியவர் நீங்கள்தானே, மிஸ்டர் வாஞ்சி?" என்றார் புதுத் தலைவர். "ஆமாம். அதனால்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்" என்றார். தோற்றார். ஏப்ரல் மாதம், எல்லாம் பூத்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, சங்கம் கூலிக்கு ஆள் அனுப்பி வழித்துவிட்டது.

அன்று சாயங்காலம் நான் போனேன். பின்படியில் உட்கார்ந்திருந்தார். தரை பூராவும் சிவப்பும் மஞ்சளும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தன. அவரைச் சீண்டலாம் என்றுதான் வந்திருந்தேன். அவர் முகத்தில் இருந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. ராஜலக்ஷ்மி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "வேர் இருக்கோன்னோ?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றார். விதியை மாற்ற இரண்டு வருஷம் மனுப் போட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. பின்கட்டில் பழையபடி செயின்ட் அகஸ்டின் படர்ந்தது. அவர் அதை வெட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு பையனுக்குச் சம்பளம் கொடுத்து வெட்டச் சொன்னார்.

மிஸஸ் யாண்டா 1988 குளிர்காலத்தில் இடுப்பு ஒடிந்து நர்சிங் ஹோமுக்குப் போனாள். அடுத்த அறுப்புக்கு ட்ராக்டரை ஓட்டியவர் வாஞ்சிநாதன். கோணல்மாணலாகத்தான் ஓட்டினார். ஒரு கட்டைப் பிரித்து ஒரு பிடி எடுத்து, காகிதப் பையில் போட்டு நர்சிங் ஹோமுக்கு எடுத்துப் போனார். அவள் மோந்து பார்த்துவிட்டு, "ஒரு நாள் முன்னாலேயே கட்டிவிட்டாய், ஈரம் இருக்கிறது" என்றாளாம். "கெழவி படுத்துண்டும் திமிர் போகல" என்று என்னிடம் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம்.

அந்த ஆகஸ்டில் பஞ்சலிங்கம் போன் செய்தார். வேறு இடத்தில் மண்டபத்துக்கு பூமிபூஜை. கோபூஜை செய்ய யாரோ ஒரு பண்ணைக்காரரிடம் மாடு ஏற்பாடாகிவிட்டது, மாட்டுக்குப் புல் வேண்டும்.

"மருந்து அடிக்காத சுத்தமான புல்லு உங்களிட்டத்தான் இருக்குதாம், வாஞ்சி. ஒரு கட்டு அனுப்பி விடுவீங்களோ?"

"நான் டெலிவரி பண்றதில்ல. வந்து தூக்கிண்டு போங்கோ."

முகூர்த்தத்துக்கு முன்னால் நேரம் இல்லை. பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்தோடு டாக்டரே மெர்சிடிஸில் வந்து இறங்கினார். வாஞ்சிநாதன் நாற்காலியிலிருந்து எழவில்லை. கட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டினார். டாக்டர் அதைக் கட்டிப்பிடித்து, நகர்த்தி, டிக்கியில் பாதியும் வெளியே பாதியுமாகத் திணித்தார். பட்டில் முள் ஏறியது. தும்மல் பிடித்துக்கொண்டது. மயக்க மருந்து நிபுணருக்குப் புல் தூசு ஒத்துக்கொள்ளாது என்பது அன்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும். சங்கல்பம் முழுக்கத் தும்மிக்கொண்டே செய்தார். புரோகிதர் மந்திரத்தை நிறுத்தி நிறுத்திக் காத்திருந்தார்.

மாட்டுக்கு முன்னால் சீப்புச் சீப்பாக வாழைப்பழம், வெல்லம், அகத்திக்கீரை கிடைக்காததால் சூப்பர்மார்க்கெட் கீரை, எல்லாவற்றையும் வெள்ளித் தட்டில் வைத்தார்கள். அது ஒவ்வொன்றாக மோந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. பிறகு கட்டைப் பார்த்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு, குத்துவிளக்கைத் தட்டிவிட்டு, புரோகிதரைத் தாண்டிப் போய், புல்லுக்குள் முகத்தைப் புதைத்துத் தின்ன ஆரம்பித்தது. நாதஸ்வர கேசட் ஒரு பக்கம் முடிந்து, மறுபக்கம் திருப்பிப் போட்டும் அது தலையைத் தூக்கவில்லை.